உச்சிக்குழி வழியே மூளையைப் பார்க்கிறோம்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் வீட்டிலிருந்து பேசுகிறேன். நான் கதிரியக்கப் பிரிவு மருத்துவர். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை ஸ்கேன் எதற்கு, முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் ஏன் மறுபடி எடுக்கச் சொல்கிறோம் என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். வார்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

அண்மையில் நான் கருவியைத் தள்ளிக்கொண்டு இன்குபேட்டர் அருகே போனதும் ஓர் இளம் தாய், "டாக்டர், எங்கம்மா வெளியே நிக்கிறாங்க, உச்சியில மட்டும் அழுத்த விடாதன்னு சொல்லி அனுப்பினாங்க" என்றார். அந்தப் பாட்டியின் அச்சம் எனக்குப் புரிகிறது. பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும்போதும் உச்சிக்குழியில் விரல் பதியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாத அந்த இடம்தான் எங்களுக்கு ஜன்னல். அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளை எலும்பு தடுத்துவிடும். எலும்பில்லாத உச்சிக்குழி வழியாக அவை மூளைக்குள் சென்று, எதிரொலியாகத் திரும்பித் திரையில் படமாகின்றன. கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்து தேவையில்லை, குழந்தையை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்கவும் வேண்டியதில்லை.

அந்தத் தாயைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி என் கையைக் காட்டினேன். கருவியின் எடை உச்சியில் இறங்காதபடி, சுண்டுவிரலைக் குழந்தையின் நெற்றியில் மெல்ல ஊன்றிக்கொள்வேன். ஜெல்லை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைப்போம், ஏனென்றால் ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைக்குக் கொஞ்சம் குளிர்ச்சியும் ஆகாது. பிறகு கருவியை நெற்றிப் பக்கத்திலிருந்து பிடரிப் பக்கமாகச் சாய்த்து ஒரு வரிசைப் படங்கள், திருப்பிப் பிடித்து இடமும் வலமுமாகச் சாய்த்து இன்னொரு வரிசை.

திரையைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது, "அந்த வெள்ளை என்ன?" என்பதே. மூளையின் அறைகளில் உள்ள நீர் கறுப்பாகத் தெரியும். புதிதாகக் கசிந்த இரத்தம் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்த நீரைச் சுரக்கும் கோராய்ட் பிளெக்ஸஸ் என்ற இயல்பான திசுவும் வெள்ளைதான். எனவே நாங்கள் நிறத்தோடு இடத்தையும் சேர்த்தே படிக்கிறோம். காடேட், தாலமஸ் என்ற இரு பகுதிகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் உண்டு. கோராய்ட் பிளெக்ஸஸ் அதைத் தாண்டி முன்னே வருவதில்லை. ஆகவே பள்ளத்துக்கு முன்னால் வெள்ளைத் திட்டு தெரிந்தால் இரத்தக்கசிவையே முதலில் நினைக்கிறோம்.

கசிவு பெரும்பாலும் அங்கேயே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூளை உயிரணுக்கள் பிறந்து பெருகும் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் அங்கேதான் உள்ளது. அதன் இரத்தக் குழாய்கள் மிக மெல்லிய சுவர் கொண்டவை. இரத்த அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலே உடையக்கூடியவை. கருவில் எட்டு மாதத்தை நெருங்கும்போது அந்தப் பகுதி தானாகவே சுருங்கிவிடும் என்பதால், 32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். கசிவுகளில் பெரும்பாலானவை பிறந்த முதல் மூன்று நாட்களில் நிகழ்கின்றன. 1978-இல் பச்சிளங்குழந்தை மருத்துவர் லூ ஆன் பபீலும் அவருடைய சகாக்களும் வகுத்த நான்கு நிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம்: கசிவு அந்த இடத்தோடு நின்றால் முதல் நிலை, அறைக்குள் சிந்தினால் இரண்டாவது, அறை விரிந்துவிட்டால் மூன்றாவது, மூளைத் திசுவிலேயே இரத்தம் தெரிந்தால் நான்காவது. பெற்றோரே, இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணித்துவிடாதீர்கள். முதல் இரண்டு நிலைகளில் பல குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

இனி மறு ஸ்கேனுக்கு வருகிறேன். இரத்த ஓட்டம் குறைந்து மூளையின் வெண்பகுதி, அதாவது உள்ளே நரம்பிழைகள் ஓடும் பகுதி, பாதிக்கப்பட்டால், முதல் வாரத்தில் படம் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் அங்கே சிறு நீர்க்கட்டிகள் தெரியவரும். கசிவுக்குப் பிறகு அறைகளில் நீர் தேங்குவதும் நாள் பட்டே வெளிப்படும். முதல் படத்தை நம்பி அடுத்ததைத் தவறவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

இந்த ஜன்னலுக்கும் எல்லை உண்டு. மண்டையோட்டை ஒட்டிய ஓரங்கள் சரியாகத் தெரியாது. சிறுமூளையைக் காதுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகப் பார்க்கிறோம். பிறக்கும்போது மூச்சுத் திணறிய நிறைமாதக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. கூடுதலாகச் சொல்லும். உச்சிக்குழியும் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அதற்கு வெகு முன்பே ஜன்னல் குறுகிவிடும்.

ஆகவே வீட்டுக்குப் புறப்படும் முன், அடுத்த ஸ்கேன் தேதியைக் கேட்டுக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாயின் புத்தகத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, வெளியே நின்ற பாட்டிக்கு அனுப்பினார்.