ஆவணியில் குளக்கட்டு நடப்போம்

(முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய முன்றலில் மாசி மாதம் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

மேடையில் அமர்ந்திருக்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஐயா அவர்களே, வெட்டு மெசினுக்குப் பின்னால் ஓடித் திரியும் இந்த நாளிலும் நேரத்துக்கு வந்துவிட்ட செயலாளர், பொருளாளர் அவர்களே, ஆலயக் குருக்கள் ஐயா அவர்களே, வெள்ளத்தின்போது தேவாலயக் கதவைத் திறந்துவைத்து வந்தவர்களுக்கெல்லாம் இடம் தந்த அருட்தந்தை அவர்களே, பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அக்கா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களே, பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் தம்பிமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயா எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். மிக்க நன்றி ஐயா. ஆனால் இந்தப் பொன்னாடையை இன்னொருவருக்குப் போர்த்த வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இங்கே வந்தேன். அவர் யார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அவரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

1803ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னி மன்னன் பண்டார வன்னியனின் நினைவுக்கல் நிற்கும் கற்சிலைமடு இங்கிருந்து கூப்பிடு தூரம். அப்படிப்பட்ட மண்ணில் நின்று பேசக் கிடைத்ததைப் பெரிய பேறாக நினைக்கிறேன்.

2025 மே 6 தேர்தலில் நீங்கள் வாக்களித்து என்னைப் பிரதேச சபைக்கு அனுப்பினீர்கள். அன்று ஒரு வாக்குக் கொடுத்தேன். சபையிலும் பாராளுமன்றத்திலும் நடப்பதை வந்து சொல்வேன், காகிதத்தில் இருப்பதை உங்கள் மொழியில் சொல்வேன் என்றேன். இன்றைக்கு நான்கு விடயம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறோம். ஒன்று வட்டுவாகல் பாலம். இரண்டு காணி பற்றிய அரச அறிவித்தலான வர்த்தமானி. மூன்று புதிய சட்டங்கள். நான்கு மாகாண சபை. ஐந்தாவதாக நோட்டீசில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. என் நெஞ்சில் இருப்பது அதுதான்.

பாலத்தின் வேலையை 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி வந்து தொடக்கி வைத்தார். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் நந்திக்கடலைக் கடக்கிற அந்த ஒற்றைப் பாலத்தில் மழைக்காலத்தில் போய் வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதன் விபரங்களுக்குப் பிறகு வருகிறேன்.

புதிய சட்டங்களில், முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி நிறைவேறியது. ஆதரவாக 151 வாக்கு, எதிராக ஒரே ஒரு வாக்கு. நல்ல சட்டம். வரவேற்கிறேன்.

காணி வர்த்தமானியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. 1931ஆம் ஆண்டு காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கர் காணியைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று சொன்னது. அதில் நம் முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர். முள்ளிவாய்க்காலில் காணி உறுதிப் பத்திரத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு உயிரோடு கரையேறிய சனத்திடம், மூன்று மாதத்தில் உறுதியைக் கொண்டுவா என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு அதை மீளப்பெற்றது. தப்பினோம். ஆனால் வர்த்தமானி வந்த நாளில் நம் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். நம் மூத்தவர்கள் சொல்லி வைத்தார்கள், வெள்ளம் வருமுன் அணை கட்டு என்று. தண்ணீருக்குச் சொன்ன அந்த வார்த்தை காகிதத்துக்கும் பொருந்தும்.

தண்ணீர் என்றதும் நான் சொல்ல வந்த கதைக்கு வந்துவிட்டேன். பொறுத்துக் கேளுங்கள், கொஞ்சம் நீளம்.

இந்த ஊரில் விதானையார் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு அந்தப் பதவி இல்லை. அவருடைய தகப்பனார்தான் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யார் எந்தப் பங்குக் கட்டைக் கட்டுவது என்று பார்த்தவர்கள் வட்டவிதானைமார். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்ததோடு அந்தப் பதவி ஒழிந்தது. பதவி போனாலும் பெயர் மகனுக்கு ஒட்டிக்கொண்டது. வேலையும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஆவணியிலும் குளம் வற்றிக் கிடக்கும்போது அவர் ஒரு பூவரசந் தடியோடு குளக்கட்டின் மேல் நடப்பார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, மேலே ஒரு தரம், வெளிப்பக்க அடியில் ஒரு தரம். புற்று இருந்தால் தட்டிப் பார்ப்பார். பொந்து இருந்தால் தடியை விட்டுப் பார்ப்பார். யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

போன ஆவணியில் தண்ணீர் திறக்கிற மதகான துருசுக்குக் கிழக்கே ஒரு பொந்தில் தடியை விட்டார். தடி கைபிடி வரை உள்ளே போனது! உடும்புப் பொந்து என்று பொடியன்கள் சொன்னார்கள். அவர் குனிந்து மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பழைய வேர் உக்கின வழி, மறுபக்கம் வரைக்கும் போகுது" என்றார். அன்றைக்கே கமக்காரர் அமைப்பு கடிதம் எழுதியது. பதிவுத் தபாலில் போட்டார்கள். ஒரு அலுவலகம், இந்தக் குளம் எங்கள் பட்டியலில் இல்லை என்றது. இன்னொரு அலுவலகம், நிதி ஒதுக்கீடு முடிந்தது, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றது. புரட்டாதி போனது, ஐப்பசி போனது, குளம் நிறையத் தொடங்கியது.

அப்புறம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்த இரவு உங்களுக்கெல்லாம் தெரியும். நானும் தறப்பாளும் உரப்பையுமாக லான்ட்மாஸ்டரில் ஏறி வந்தேன். இரவு பதினொரு மணி. மிஞ்சிய தண்ணீர் வழியும் வான் ஆளுயரத்துக்குப் பாய்கிறது. கட்டின் வெளிப்பக்கம் அந்த இடத்தில் கை மொத்தத்துக்குத் தண்ணீர் வருகிறது. இளைஞர்கள் ஓடிப்போய், தண்ணீர் வெளியே வருகிற வாயில் மண்மூடையைத் திணித்தார்கள். திணிக்கத் திணிக்கப் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்தது. அப்போது மழையில் நனைந்தபடி விதானையார் வந்தார். டோர்ச்சை வாங்கி, ஓடுகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "தெளிஞ்ச தண்ணி வந்தால் பயமில்லை. இது கலங்கி வருகுது. கட்டு உள்ளுக்குள்ள கரையுது. வெளிவாயை அடைக்காதேங்கோ, குளத்துப் பக்கம் போங்கோ" என்றார்.

ஒரு தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினான். அவன் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார், அன்றைக்குக் கட்டில் நின்று நாச்சிமாரை அழைத்துக் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலால் தடவித் தடவி, தண்ணீர் இழுக்கிற இடத்தைக் கண்டுபிடித்தான். அந்த இடத்தில் தறப்பாளை விரித்து இறக்கினார்கள். தண்ணீரே அதை இழுத்து வாயில் ஒட்டிக்கொண்டது. அதன் மேல் மூடை, மூடைக்கு மேல் மூடை. வெளிப்பக்கத்தில் பனங்குற்றி இறக்கி, மூடைகளை வளையமாக அடுக்கி, நடுவில் மணலைக் கொட்டினார்கள். பெண்கள் சங்கிலி போல நின்று மூடை கடத்தினார்கள். அதிபர் அம்மாவும் அந்த வரிசையில் நின்றார். அதிகாலை நான்கரைக்கு விதானையார் திரும்பவும் தண்ணீரைக் கையில் ஏந்தினார். தெளிந்திருந்தது.

அந்தக் கட்டு போயிருந்தால் கீழ்க்குளமும் தாங்கியிருக்காது. நம் குளங்கள் தொடர்குளங்கள், ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததுக்குப் போகிறது. உலர் வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் குளத்தைக் காப்பாற்றியது ஒரு பெரியவரின் கைத்தடி. ஐயா, தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். இந்தப் பொன்னாடை உங்களுக்கு.

(கைதட்டல் ஓய்ந்த பின்)

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடம் தருகிறது. பெரிய குளங்களில் சில மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், சில மாகாணத்திடம். கைவிடப்பட்ட குளங்கள் பல காட்டு எல்லைக் கல்லுக்குள் போய்விட்டன. இந்த நிலையில் பொந்து கண்ட கமக்காரன் எந்தக் கதவைத் தட்டுவது?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சிறுகுளத்துக்கும் ஒவ்வோர் ஆவணியிலும் ஒரு கட்டு நடை. பொறுப்பான உத்தியோகத்தர் ஊராரோடு சேர்ந்து நடக்க வேண்டும். கண்டதை எழுத வேண்டும். எழுதியதன் பிரதி கமக்காரர் அமைப்பின் கையில் இருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் திருத்த வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பதைச் சட்டமாக எழுதச் சொல்கிறேன்.

அதை யார் எழுதுவது? இங்கேதான் மாகாண சபை வருகிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி, பல மாகாணங்களுக்கூடாக ஓடும் ஆறுகளின் திட்டங்களைத் தவிர்ந்த நீர்ப்பாசனம் மாகாணத்தின் அதிகாரம். கமநல சேவையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நியதிச்சட்டம் என்கிற மாகாணச் சட்டத்தை இயற்ற மாகாண சபைக்கு முடியும். ஆனால் சபை எங்கே? 2013 செப்டெம்பரில் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்த வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை மீள்நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்தது, அந்த இடைவெளியில் தேர்தல் விழுந்து கிடக்கிறது. அத்தனை ஆண்டும் ஆளுநரும் அதிகாரிகளும்தான். அதிகாரிகளில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை நீங்கள் வாக்கால் மாற்ற முடியாது. பிரதேச சபைக்கு வீதி விளக்கும் உள்வீதியும் சந்தையும் இருக்கின்றன, குளக்கட்டு இல்லை. எங்கள் சபையில் இந்தக் கட்டு நடைக்குப் பிரேரணை கொண்டுவந்தேன், எல்லாக் கட்சியினரும் கையுயர்த்தினார்கள். அந்தத் தீர்மானத்தை அனுப்ப ஒரு மாகாண அமைச்சர் இல்லை.

ஆகவே தேர்தலை நடத்துங்கள் என்று கேட்போம், உரத்துக் கேட்போம். அதுவரை சும்மா இருக்கவும் மாட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்திடமும் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம், ஆணைக்குழுவுக்கும் போகலாம். நாம் மூன்று கேள்வி கேட்கிறோம். இந்தக் குளம் எந்த அலுவலகத்தின் பட்டியலில் இருக்கிறது? கட்டைக் கடைசியாகப் பரிசோதித்த திகதி எது? போன ஆவணியில் நாங்கள் அனுப்பிய கடிதத்தின் மேல் யார் என்ன எழுதினார்கள்?

நேரம் போய்விட்டது, தலைவர் ஐயா மணியைத் தொடுகிறார். பாலத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.

வாசல் மேசையில் விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன. கேள்விகளை அதிபர் அம்மா அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், நீங்கள் பெயரும் முகவரியும் எழுதினால் போதும். கீழ்க்குளத்துக்காரரும் தனியாக ஒன்று போடுங்கள். நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கி வருகிறேன். விதானையார் ஐயா, முதலாவது படிவம் உங்களுடையது.