எண்ணெய்க்குள் மறைந்த பீக்கர்

நேயர்களுக்கு வணக்கம். அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சையில் ஆங்கிலம் என்று வளரும் பெங்களூருப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "சார், போர்த்திக்கொண்டால் ஆளே தெரியாத போர்வையை விஞ்ஞானிகளால் செய்ய முடியுமா?" குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு மறைந்துபோன சித்தர் கதையை அவளுடைய பாட்டி சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் ஒரு பெரிய பாத்திரம், சூரியகாந்தி எண்ணெய், ஒரு டீ கிளாஸ் ஆகியவற்றுடன் போனேன். தேங்காய் எண்ணெய் இந்த ஊர்க் குளிரில் உறைந்துவிடும், அதனால் சூரியகாந்தி. கிளாஸ் எண்ணெய்க்குள் மறையும் என்று பெருமையாக அறிவித்தேன். மறையவில்லை. பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தவறு என்னுடையதுதான். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். சாதாரணக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 1.52, எண்ணெய்க்கு 1.47. அந்தச் சிறு வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுவாரம் ஆய்வகங்களில் புழங்கும், போரோசிலிகேட் என்ற வேறு வகைக் கண்ணாடியால் ஆன பீக்கரை எடுத்துப்போனேன். அதன் எண்ணும் 1.47தான். உள்ளும் புறமும் எண்ணெய் ஏற ஏற, பீக்கர் கீழிருந்து மேலாக அழிந்துகொண்டே வந்தது. ஒளி வளையவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கண்ணாடி இருப்பதைச் சொல்ல ஆளில்லை. ஆனால் பீக்கரின் மேல் அச்சடித்திருந்த வெள்ளைக் கோடுகளும் 20, 40 என்ற எண்களும் மட்டும் எண்ணெய்க்குள் தனியாக மிதந்தன. பிள்ளைகள் கைதட்டியது அதற்குத்தான்.

மனிதன் கண்ணாடி இல்லையே. ஒளி நமக்குள் புகுந்து வெளியேறாது. அப்படியானால் நம்மைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் பழைய பாதையில் சேர்ந்துகொள்ள வேண்டும். இதற்கான கணக்கை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரியும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் எழுதினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித், டேவிட் ஷூரிக் குழுவினர் அதைச் செய்தும் பார்த்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வளையங்கள், அவற்றில் வரிசை வரிசையாகப் பொடிச் செம்பு வடிவங்கள், நடுவில் ஒரு செம்பு உருளை. ஒளியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் அலை அந்த உருளையைச் சுற்றிக்கொண்டு போனது. நிழல் முற்றிலும் மறையவில்லை, வெகுவாகக் குறைந்தது. இப்படிப் பொருளின் தன்மையால் அல்லாமல் அதன் வடிவ அமைப்பால் அலையை ஆட்டிவைக்கும் சரக்குக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். நம்மவர் ஜகதீஷ் சந்திர போஸ் 1898லேயே முறுக்கிய சணல் கட்டின் வழியே மைக்ரோவேவ் அலையைச் செலுத்தி, அலை அதிரும் தளம் திரும்புவதைக் காட்டினார். மறைப்பது அவர் நோக்கம் அல்ல. ஆனாலும் இந்த வம்சாவளியில் அந்தச் சணலுக்கு இடமுண்டு என்பது என் கட்சி.

சரி, மைக்ரோவேவுக்கு முடிந்தது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஏன் முடியவில்லை? டியூக் சோதனையில் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர். செம்பு வடிவங்கள் அதைவிடச் சிறியதாக இருந்தால் போதும். நாம் காணும் ஒளியின் அலைநீளமோ ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடப் பொடியாகச் செதுக்கி, ஓர் ஆளைப் போர்த்தும் அளவுக்கு விரிக்க வேண்டும். இது தொழில்நுட்பத் தொல்லை, காலப்போக்கில் தீரலாம்.

தீராத தொல்லை வேறு. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டி பஸ்ஸைச் சுற்றுப்பாதையில் விடுகிறார்கள். நேரே போன பஸ் சேரும் அதே நொடியில் சுற்றிப் போன பஸ்ஸும் சேர வேண்டும் என்றால், அது வேகமாக ஓடியாக வேண்டும். ஒளிக்கும் அதே நிபந்தனைதான். காற்றில் நேரே போகும் ஒளியோ உச்ச வேகத்தை ஏறக்குறைய தொட்டுவிட்டது. அதை முந்த இயற்கை விடாது. ஒரே நிறம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். இடைவிடாமல் வரும் அலையில் முகடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால், ஒரு முகட்டின் இடத்தில் இன்னொன்று வந்து நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா நிறங்களுக்கும் சேர்த்து அந்த ஏமாற்று வேலை செல்லாது. சிவப்பு விளக்கில் மறைந்தவர் வெயிலில் வண்ணம் வண்ணமாகத் தெரிவார்.

2014இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் நான்கு சாதாரண லென்ஸ்களை வரிசையாக வைத்தே கையை மறைத்துக் காட்டினார்கள். எதிரே குறிப்பிட்ட கோணத்துக்குள் நின்று பார்த்தால்தான் பலிக்கும். போர்வை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் விடவில்லை. "உள்ளே இருப்பவருக்கு நாம் தெரிவோமா, சார்?" தெரிய மாட்டோம். ஒளி முழுவதும் சுற்றிக்கொண்டு போய்விட்டால் அவர் கண்ணுக்கு என்ன மிச்சம்? உள்ளே கும்மிருட்டு. "அப்படியானால் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளட்டும்" என்றான் பக்கத்தில் இருந்த பையன். போட்டுக்கொள்ளலாம். ஆனால் உள்ளே போன ஒளி திரும்பி வராதே. பீக்கரின் எண்கள் எண்ணெயில் மிதந்த மாதிரி, ஏரிக்கரையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் ஆள் உயரத்தில் நடந்து போகும்.