கோழிக்கு பேர் போன ஊரு, கோட்டையை கவுத்த கதை

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல இருக்கிற ஆர்பிங்டன்னு சொன்னதும் கோழி வளர்க்கறவங்க யாராச்சும் இங்க இருந்தா முகம் மலரும், ஏன்னா 1886ல வில்லியம் குக்னு ஒருத்தர் அங்கதான் அந்த குண்டு குண்டான ஆர்பிங்டன் கோழியை உருவாக்குனாரு. நான் பேச வந்தது கோழி இல்ல, ஓட்டு: 1962ல அங்க நடந்த ஒரு இடைத்தேர்தல்.

அப்போ அது கென்ட் கவுன்டியில இருந்த ஊரு, லண்டனோட சேர்ந்தது 1965லதான். 1925ல மின்சார ரயில் வந்துச்சு, பின்னாடியே பெட்ஸ் வுட் மாதிரி இடத்துல தோட்டம் வச்ச வீடுங்க வரிசையா முளைச்சுது, காலைல ரயில் ஏறி லண்டன் ஆபீஸ், சாயங்காலம் திரும்பி வந்து புல்லு வெட்டுறதுன்னு வாழ்ற ஜனம். 1945ல தொகுதி உருவானதுல இருந்து கன்சர்வேடிவ் கட்சியோட கோட்டை, 1959ல 14,760 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க.

அப்படி ஜெயிச்ச எம்பி நீதிபதி வேலைக்கு போயிட்டாரு, அதனால 1962 மார்ச் 14ல இடைத்தேர்தல். கன்சர்வேடிவ் சார்புல நின்னவர் பீட்டர் கோல்ட்மேன், கட்சியோட மூளைன்னு பேர் எடுத்தவர், ஆனா தொகுதிக்காரங்களுக்கு வெளியூர் ஆளு. லிபரல் கட்சியில எரிக் லப்பக், இன்ஜினியர், பக்கத்துல டவுன் (Downe)ங்கற கிராமத்துல குடியிருந்து அங்கயே கவுன்சிலர் ஆனவர். டார்வின் வாழ்ந்த அதே கிராமம்தாங்க! லப்பக்கோட தாத்தா டார்வினுக்கு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, 1871ல பேங்க் ஹாலிடே சட்டம் கொண்டு வந்ததும் அவருதான்.

கோபம் எங்க இருந்து வந்துச்சுன்னா, கன்சர்வேடிவ் அரசாங்கம் 1961ல சம்பள உயர்வை நிறுத்தி வச்சுது, டீச்சர், நர்ஸ், கிளார்க் எல்லாருக்கும் அடி. அதோட "ஷெட்யூல் A"ன்னு ஒரு வரி இருந்துச்சு, கடன் வாங்கி கட்டுன சொந்த வீட்ல நீங்களே குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டா எவ்ளோ வரும்னு கணக்கு போட்டு அதுக்கு இன்கம் டேக்ஸ் கேட்பாங்க. வீட்டுக்காரனும் நான்தான், வாடகைக்காரனும் நான்தான், வரி மட்டும் எதுக்குன்னு எவனுக்குத்தான் எரியாது? (1963ல அதை எடுத்துட்டாங்க, தோத்த பிறகுதான் புத்தி வருது.)

ரிசல்ட்? லப்பக் 22,846, கோல்ட்மேன் 14,991, லேபர் 5,350 வாங்கி டெபாசிட் காலி. லப்பக் 7,855 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. பேப்பர்காரங்க "ஆர்பிங்டன் மேன்"னு ஒரு ஆளையே கண்டுபிடிச்சு எழுத ஆரம்பிச்சாங்க, புறநகர்ல இருக்கிற, எந்த கட்சிக்கும் பட்டா எழுதிக் கொடுக்காத நடுத்தர வர்க்கத்துக்காரன். ஜூலைல பிரதமர் மேக்மில்லன் ஒரே ராத்திரியில ஏழு கேபினட் மந்திரிகளை தூக்குனாரு, அதுக்கு இந்த தோல்வியும் ஒரு காரணம்.

லப்பக் 1970ல தோத்தாரு. அப்புறம் ஏவ்பரி பிரபுவா மேல்சபையில உக்காந்து பல வருஷம் மனித உரிமைக்காக பேசுனாரு, இலங்கை விஷயமும் அதுல உண்டு, 2016ல காலமானாரு.

அப்புறம் தொகுதி மறுபடி கன்சர்வேடிவ்தான். 1992ல வந்த ஜான் ஹோரம் லேபர்ல எம்பியா இருந்து, அதுல இருந்து பிரிஞ்ச எஸ்டிபி கட்சிக்கு தாவி, கடைசியா கன்சர்வேடிவா நின்னவர், கட்சி தாவல் நம்ம ஊரு கண்டுபிடிப்புன்னு பெருமைப்பட வேணாம். 2001ல லிபரல் டெமாக்ரட்காரங்க (பழைய லிபரல் கட்சியோட வாரிசு) அவரை நெருங்கி, வெறும் 269 ஓட்டுல கோட்டை விட்டாங்க.