அத்தையின் ரிப்போர்ட்டில் வந்த ‘தெளிவில்லை’

வணக்கம். போன வாரம் வத்தக்குழம்பு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், போடவில்லை. வீட்டுக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது, அதிலேயே மூழ்கிவிட்டேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். “பேரை மட்டும் சொல்லாதே” என்றார்.

அத்தைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். இளவயதிலேயே வந்ததால் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். வந்த பதில் இது: பிஆர்சிஏ2 என்ற ஜீனில் (இது கெட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்) ஒரு மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்பது தெளிவில்லை. டாக்டர்கள் இதை வி.யு.எஸ். என்கிறார்கள். “இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு தெரியாது என்றா சொல்வார்கள்?” என்று அத்தை கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு மாற்றம் ஆபத்தானதா என்று பார்க்க முக்கியமான வழி, அது நோயாளிகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒப்பிடுவது. அந்தக் கணக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஊரில் பல பேரிடம் சாதுவாக இருந்துவருகிற மாற்றம்கூட அங்கே புதுமுகம். அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் ‘தெளிவில்லை’ அதிகம் வருகிறது.

இன்னொன்று படித்தேன், அசந்துபோனேன். அதே வகையைச் சேர்ந்த பிஆர்சிஏ1 ஜீனில் 185டெல்ஏஜி என்று ஒரு மாற்றம். ஏ, ஜி என்ற இரண்டே எழுத்துகள் விழுந்துவிடும். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டிய வரி அதற்குப் பிறகு முழுக்கத் தப்புத்தப்பாகப் பிரிந்து, புரதம் பாதியிலேயே நின்றுவிடும். அஷ்கெனாசி யூதர்களிடம், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம், இது சகஜம். இதையும் சேர்த்து மூன்று குறிப்பிட்ட பிஆர்சிஏ மாற்றங்களில் ஏதாவது ஒன்று அவர்களில் 40 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. அதனால் ‘யூத மாற்றம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சரி, 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்த 61 நோயாளிகளைச் சோதித்தார்கள். 10 பேரிடம் அதே 185டெல்ஏஜி! யாரோ கப்பலேறி வந்து கொடுத்ததா என்றால், அப்படி இருக்க வேண்டியதில்லை. 2007-லேயே ஓர் இந்தியக் குடும்பத்தில் அதைச் சுற்றியுள்ள மரபணுப் பகுதியைப் பார்த்து, இங்கே தனியாகத் தோன்றியது என்று எழுதியிருக்கிறார்கள்.

நைஜீரியாவிலும் இதே கதைதான். 2018-இல் வெளிவந்த ஆய்வில் 1,136 மார்பகப் புற்றுநோயாளிகளைப் பார்த்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று பார்த்து ஆள் பொறுக்கவில்லை. அப்படியும் 14.7 சதவீதம் பேரிடம் பரம்பரையாக வந்த ஆபத்தான மாற்றம் இருந்தது. நோயில்லாத பெண்களில் அது 1.8 சதவீதம்தான். போய்ப் பார்க்கிற வரை இது யாருக்குத் தெரியும்?

அப்புறம், எனக்கு எரிச்சல் வந்த இடம். அத்தை நோயில் இருந்தபோது நான் ஓர் இடத்தில் செக்கப்புக்குப் போனேன். படிவத்தில் அம்மா, பாட்டி, அக்கா, சித்தி, பெரியம்மா எல்லாரையும் கேட்டார்கள். அத்தையைக் கேட்கவில்லை. அப்பா வழிச் சொந்தம் கணக்கிலேயே இல்லை! இந்த ஜீன் மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும், அவரிடம் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் அப்பாவும் அத்தையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே. உங்களிடம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அத்தைக்கு டாக்டர் சொன்னது: வி.யு.எஸ். என்பதை மட்டும் வைத்து ஆபரேஷன் எதுவும் வேண்டாம், இவற்றில் பெரும்பாலானவை பிற்பாடு ‘தீங்கில்லை’ என்றுதான் மாற்றி எழுதப்படுகின்றன. ஆனால் லேபே கூப்பிட்டுச் சொல்லும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதாம், வருஷம் ஒரு தடவை நாமே கேட்க வேண்டுமாம். அத்தை மகளுக்கு இப்போது 23. ஜீன் தெளிவில்லாவிட்டாலும் அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே, அதாவது 31-லிருந்து, அவள் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார். அத்தை அதை பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். லேபுக்குப் போன் பண்ணுவது என் பொறுப்பு.