எட்டு ரேஸ், எட்டு வெற்றி! ஜாக்கி கணக்கை மட்டும் பார்த்து குதிரை பிடிக்கலாமா?

[திரையில்: கிராஞ்சி மைதானம், வெறும் பெயரும் தேதியும்]

2013 செப்டம்பர் 6. சிங்கப்பூர் கிராஞ்சி. பிரேசில் நாட்டு ஜாக்கி ஜோவாவ் மொரேரா அன்னிக்கு எட்டு குதிரையில ஏறினாரு. எட்டும் முதல்ல வந்துச்சு. நல்லாக் கேட்டுக்குங்க மக்களே, எட்டுக்கு எட்டு!

ஏறுற ரேஸ்ல முப்பது சதவீதம் ஜெயிக்கிற ஜாக்கின்னாலே அவரு பெரிய கை. அந்த மாதிரி ஒருத்தர் தொடர்ந்து எட்டு ரேஸ் ஜெயிக்க என்ன வாய்ப்புன்னு கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க, சுமாரா 15,000-ல ஒண்ணு வரும். அப்போ அடுத்த வாரம் அவரு ஏறுற எல்லாக் குதிரை மேலயும் கண்ணை மூடிட்டு பணம் வெச்சா நாமளும் தௌக்கே, அதாவது பெரிய முதலாளி ஆயிடலாமா?

ஆக முடியாது. ஏன் முடியாதுங்கிறதுதான் இந்த வீடியோ. கடைசி வரைக்கும் பாருங்க, நடுவுல ஒரு கணக்கு சொல்லித் தரப் போறேன். அதைக் கத்துக்கிட்டா ரேஸ் பக்கத்தை நீங்க படிக்கிற விதமே மாறிடும்.

வணக்கம் உறவுகளே. மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து பேசுறேன். நம்ம ஊர்ல சனி, ஞாயிறு காலையில ஒட்டுக்கடைக்குப் போனா, தே தாரிக் ஒரு பக்கம், ரேஸ் புத்தகம் ஒரு பக்கம். பக்கத்துலதானே ஈப்போ மைதானம். செம்பனைத் தோட்டத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவங்க பேனாவும் கையுமா உட்கார்ந்திருப்பாங்க. அவங்க வாயில முதல்ல வர்ற கேள்வி, "ஜாக்கி யாருப்பா?" குதிரை பேரு ரெண்டாவதுதான்.

குதிரைப் பந்தயம் வெள்ளைக்காரன் காலத்துல இங்க வந்தது. கோலாலம்பூர்ல இன்னிக்கு இரட்டைக் கோபுரம் நிக்கிற இடம்தான் பழைய சிலாங்கூர் ரேஸ் மைதானம். வரலாறு அவ்வளவு போதும். இன்னொண்ணும் சொல்லிடுறேன்: ரேஸ் கிளப்பே பந்தயப் பணம் வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிற டோட் இருக்க, அதை விட்டுட்டு ஆள் வெச்சு சீட்டு எழுதுற புக்கிகிட்ட போறது 1953-ஆம் வருஷப் பந்தயச் சட்டப்படி குற்றம். இந்த வீடியோ கணக்குக்காக. சரியா?

[திரையில்: ஜாக்கி பட்டியல். சவாரி, முதல், ரெண்டாவது, மூணாவது, சதவீதம்]

இதுதான் எல்லாரும் பார்க்கிற பட்டியல். நூறு சவாரியில எத்தனை வெற்றி, அதுதான் வெற்றி சதவீதம். ஹாங்காங்ல 2022/23 சீசன்ல ஜாக் பர்ட்டன் 179 ரேஸ் ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடி இருந்த சாதனை 170, அதுவும் நம்ம மொரேராவோடதுதான். ஒரு சீசன்ல அங்க எண்ணூத்திச் சொச்சம் ரேஸ்தான் நடக்கும். அஞ்சு ரேஸுக்கு ஒண்ணை ஒரே ஆள் தூக்கிட்டுப் போயிருக்காரு. பிரமிப்பாதான் இருக்கு.

இப்போ ஒரு கேள்வி. அந்த 179-ல பர்ட்டன் எவ்வளவு, குதிரை எவ்வளவு?

இதை விளக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் பால்மரக் காடு. தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ரெண்டு பேர் பால் வெட்டுறாங்கன்னு வைங்க. ஒருத்தருக்குக் கிடைச்ச நிரை, அதாவது வெட்டக் கொடுத்த மர வரிசை, சமதரை, எல்லாம் இளமரம், ஆர்ஆர்ஐஎம் 600 ரகம். பட்டை மெத்துன்னு இருக்கும், கத்தி வெச்சாலே பால் சொட்டும். இன்னொருத்தருக்குக் கிடைச்சது மேட்டுக் காடு. கிழட்டு மரம், பட்டையெல்லாம் முடிச்சு முடிச்சா, ஏணி போட்டு மேல் பட்டையில வெட்டணும். ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடியே நெத்தி விளக்கு கட்டிட்டுக் காட்டுல இறங்குறாங்க. பத்து பதினொரு மணிக்கு ஸ்டோர்ல வாளியை இறக்கும்போது முதல் ஆளோட வாளி நிறைஞ்சிருக்கும், ரெண்டாவது ஆளோடது பாதிதான். தோட்டத்துக் கணக்கர் கிராணி நோட்டுல எழுதுறாரு. அந்த நோட்டை மட்டும் வெளியூர்க்காரன் ஒருத்தன் பார்த்தா என்ன சொல்லுவான்? "முதல் ஆள்தான் கெட்டிக்காரன்." ஆனா காட்டைத் தெரிஞ்ச மேற்பார்வையாளர் மண்டோருக்குத் தெரியும், மேட்டுக் காட்டுல பாதி வாளி எடுக்கிறவன் கை என்ன கைன்னு. பட்டை காயப்படாம, மரத்தைச் சாகடிக்காம, ஓட விட்ட பாலை ஒரு சொட்டு சிந்தாம மங்குல சேர்க்கிற கை அது.

இன்னும் இருக்கு. வாளி நிறைஞ்சிருந்தாலும் கிராணி சும்மா விட மாட்டாரு. மெட்ரோலாக்குங்கிற அளவுகோலைப் பாலுக்குள்ள விட்டுப் பார்ப்பாரு. தண்ணி எவ்வளவு, உலர் ரப்பர் எவ்வளவுன்னு அது காட்டிக் கொடுத்துடும். கூலி வாளிக்கு இல்ல, அதுக்குள்ள இருக்கிற ரப்பருக்கு. எனக்கு இந்த விஷயம் எப்பவும் ஆச்சரியம்தான்: படிக்காதவங்கன்னு உலகம் நினைச்ச நம்ம ஜனங்க, "மொத்த அளவை நம்பாதே, உள்ளே என்ன இருக்குன்னு பாரு"ங்கிற புள்ளியியல் பாடத்தைத் தினமும் காலையில ஸ்டோர் வாசல்ல பார்த்துட்டு இருந்தாங்க.

ஜாக்கியோட வெற்றி சதவீதம் அந்த வாளி. அவருக்குக் கிடைச்ச குதிரைதான் நிரை. பெரிய ஜாக்கிக்கு நல்ல குதிரை தேடி வரும், நல்ல குதிரையால சதவீதம் ஏறும், சதவீதம் ஏறினா இன்னும் நல்ல குதிரை வரும். புதுசா வந்த பையனுக்கு மிச்சம் மீதிதான். அப்போ நமக்கு ஒரு மெட்ரோலாக் வேணும் இல்லியா? இருக்கு. அதுதான் விலை, அதாவது ஒரு வெள்ளி வெச்சு ஜெயிச்சா போட்ட காசோட சேர்த்துத் திரும்பி வர்ற தொகை.

[திரையில்: 0.825 ÷ விலை]

பொறுமையாக் கேளுங்க, இதுதான் நான் சொன்ன கணக்கு. ஹாங்காங்கை எடுத்துக்குவோம். அங்க வின் (குதிரை முதல்ல வரணும்), பிளேஸ் (முன்னணி இடத்துக்குள்ள வந்தா போதும்) பந்தயத்துல சேர்ற பணத்துல 17.5 சதவீதம் முதல்லயே கழிஞ்சிடும். மிச்சம் 82.5 சதவீதத்தைத்தான் ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. அதனால ஒரு குதிரை ஜெயிக்கும்னு ஊர் ஜனம் என்ன வாய்ப்பு கொடுக்குதுன்னு தெரியணும்னா, 0.825-ஐ அதோட விலையால வகுக்கணும். விலை 2-ன்னா 41 சதவீதம். விலை 5-ன்னா 16.5. விலை 20-ன்னா 4 சொச்சம்.

ஒரு உதாரணத்துக்கு ரெண்டு ஜாக்கி. முதல் ஜாக்கி ஏறின அஞ்சு குதிரையோட விலை 2, 3, 4, 5, 10. ஒவ்வொண்ணுக்கும் வகுத்துக் கூட்டினா 1.14 வரும். அதாவது இந்த அஞ்சு குதிரையில ஒரு வெற்றிக்குக் கொஞ்சம் மேல வரும்னு ஊர் ஜனம் எதிர்பார்க்குது. ரெண்டாவது ஜாக்கியோட குதிரைங்க விலை 20, 25, 30, 40, 50. கூட்டினா வெறும் 0.14. இப்போ ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரேஸ் ஜெயிச்சாங்கன்னு வைங்க. பேப்பர்ல ரெண்டு பேருக்கும் 20 சதவீதம்னுதான் போடுவான்! ஆனா முதல் ஆள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கம்மி. ரெண்டாவது ஆள் எதிர்பார்த்ததைப் போல ஏழு மடங்கு!

நடந்த வெற்றியை எதிர்பார்த்த வெற்றியால வகுக்கணும், அவ்வளவுதான். 1-க்கு மேல இருந்தா அந்தக் கை குதிரையோட விலையைத் தாண்டி ஏதோ பண்ணுது. 1-க்குக் கீழ இருந்தா ஊரே அவரு பேருக்கு அதிகப் பணம் கொட்டுதுன்னு அர்த்தம். வெற்றி சதவீதத்தைப் பார்க்கிறதை இன்னியோட விட்டுட்டு இந்த எண்ணைப் பாருங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

அதுக்காக அஞ்சே அஞ்சு சவாரியை வெச்சு அந்த ரெண்டாவது ஆளை மேதைன்னு சொல்லிடாதீங்க. இங்கதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் சறுக்குறாங்க. "இவன் பத்து ரேஸா ஜெயிக்கலை, ஃபார்ம் போச்சு"ன்னு ஒட்டுக்கடையில ஒரு குரல் கேட்கும். உண்மையிலேயே 10 சதவீதத் திறமை இருக்கிற ஜாக்கி தொடர்ந்து பத்து ரேஸ் தோக்க எவ்வளவு வாய்ப்பு தெரியுமா? 35 சதவீதம். மூணு தடவைக்கு ஒரு தடவை சும்மாவே நடக்கும். இருபது ரேஸ் தொடர்ந்து தோக்கக்கூட 12 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதே ஆள் நூறு சவாரி பண்ணினா 4 வெற்றியும் வரலாம், 16 வெற்றியும் வரலாம். ரெண்டுமே அதிர்ஷ்டத்தோட ஆட்டம்தான், கை மாறலை. அதனால கடைசி பத்து ரேஸ் கணக்கை வெச்சு யாரையும் தூக்கவும் வேணாம், இறக்கவும் வேணாம். சில நூறு சவாரியாவது வேணும்.

[திரையில்: 12-க்கு 1 → 2-க்கு 1]

இப்போ நான் ஆசையாச் சொல்ல வந்த கதை. 1996 செப்டம்பர் 28, இங்கிலாந்து ஆஸ்காட் மைதானம். பிராங்கி டெட்டோரி அன்னிக்கு நடந்த ஏழு ரேஸையும் ஜெயிச்சாரு. ஏழாவது குதிரை பேரு ஃபுஜியாமா கிரெஸ்ட். காலையில அதோட விலை 12-க்கு 1. அதாவது ஒரு வெள்ளி வெச்சா பன்னெண்டு வெள்ளி லாபம். ஆறு ரேஸ் ஜெயிச்சு முடிச்சதும் ஜனம் பைத்தியமாயிடுச்சு, புக்கிங்க பயந்து போய் விலையைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. கிளம்பும்போது 2-க்கு 1!

யோசிச்சுப் பாருங்க. காலையில சுமாரா 8 சதவீதம் (13-ல ஒண்ணு) வாய்ப்புன்னு எடை போட்ட குதிரைக்கு சாயங்காலம் 33 சதவீதம் (3-ல ஒண்ணு). நடுவுல அந்தக் குதிரை என்ன செஞ்சுது? லாயத்துல புல் தின்னுட்டு நின்னுச்சு! அது கால் வேகமாகலை, அது சுமக்கிற எடை குறையலை. மேல உட்காரப் போறவர் வேற ஆறு குதிரையில ஜெயிச்சாரு, அவ்வளவுதான். அது ஜெயிச்சதும் உண்மைதான், அதனாலதான் இன்னிக்கும் பேசுறோம். ஆனா 2-க்கு 1-ல பணம் வெச்சவங்க குதிரையை வாங்கலை, பேரை வாங்கினாங்க. ஈப்போவாகட்டும், ஹாங்காங்காகட்டும், பேருக்குன்னு ஒரு விலை சேர்ந்துடும். அந்த விலையை ஒவ்வொரு வாரமும் கொடுத்துக்கிட்டே இருந்தா கை கரையும். நல்ல ஜாக்கி, நல்ல பந்தயம், ரெண்டும் ஒண்ணு கிடையாது.

எந்த மைதானத்துல வந்த கணக்குங்கிறதையும் பாருங்க. அமெரிக்காவுல ரஸல் பேஸ்னு ஒரு ஜாக்கி, 12,842 ரேஸ் ஜெயிச்சவரு. பெரும்பாலும் வட கலிபோர்னியாவுல ஓட்டினாரு, கென்டக்கி டெர்பியை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. அவர் திறமையைக் குறை சொல்லலை, எண் எங்க பிறந்துச்சுன்னு பார்க்கணும்னு சொல்றேன். நமக்கு இது ரொம்பக் கிட்டத்து விஷயம். 2024 அக்டோபர் 5-ஓட கிராஞ்சி மூடினாங்க. அங்கிருந்து குதிரைங்களும் ஆட்களும் நம்ம பக்கம் வந்தாங்க. கிராஞ்சியில புல்தரையும் உண்டு, பாலிட்ராக்குன்னு செயற்கைத் தரையும் உண்டு. அங்க செயற்கைத் தரையில எடுத்த சதவீதத்தை அப்படியே ஈப்போ புல்தரைக்குக் கொண்டு வந்து ஒட்டாதீங்க.

பயிற்சி ஜாக்கிங்க விஷயம் சுருக்கமா. அவங்களுக்கு எடைச் சலுகை உண்டு, அதாவது அவங்க ஏறுற குதிரை சுமக்க வேண்டிய எடையைக் குறைச்சுக் கொடுப்பாங்க. இங்கிலாந்துல முதல் 20 வெற்றி வரைக்கும் 7 பவுண்டு, 50 வரைக்கும் 5, 95 வரைக்கும் 3, அப்புறம் ஒண்ணும் இல்ல. சலுகையோட எடுத்த சதவீதத்தைச் சலுகை போன பிறகும் நம்பினா ஏமாந்துடுவீங்க.

சரி, ஜாக்கி கணக்கு எங்கதான் உதவும்? எனக்குப் பிடிச்ச இடம் ரெண்டு.

ஒண்ணு, ஒரே குதிரை, வேற வேற ஜாக்கி. நிரையை மாத்திக் கொடுத்து யாரு கை எப்படின்னு பார்க்கிற மாதிரிதான் இது. அதே குதிரை, அதே தூரம், கிட்டத்தட்ட அதே எடை, ஒருத்தர் ஏறினா முன்னாடி போய் ஜெயிச்சுடுது, இன்னொருத்தர் ஏறினா கடைசி 200 மீட்டர்ல மூச்சு வாங்குது. சில குதிரையை அடக்கிப் பின்னால வெச்சுக் கடைசியில விடணும், அந்தப் பொறுமை எல்லாக் கைக்கும் வராது. பட்டியல்ல இது எங்கேயும் போட மாட்டான், நீங்களேதான் நோட்டுல எழுதி வெச்சுக்கணும்.

ரெண்டு, ஒரே ட்ரெய்னர் ஒரே ரேஸ்ல ரெண்டு குதிரை விடுறாரு. அந்த லாயத்துக்கு வழக்கமா ஓட்டுற ஜாக்கி எதுல ஏறுறாரு? அவரு காலையில ரெண்டையும் ஓட்டிப் பார்த்தவரு. நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். சில சமயம் முதலாளியோட ஒப்பந்தத்தால வேற வழியில்லாம ஏறுவாரு, அதையும் கவனிங்க. ஆனா தானா தேர்ந்தெடுத்தாருன்னா, அவரோட வருஷ சதவீதத்தைவிட அந்த ஒரு தேர்வு பெருசு.

1980-கள்ல ஹாங்காங்குக்குப் போய் கம்ப்யூட்டர் வெச்சு ரேஸ் கணிச்ச பில் பென்டர் 1994-ல தன் முறையை எழுதி வெளியிட்டாரு. ஜாக்கி திறமை அவரு கணக்குல பல விஷயத்துல ஒண்ணு, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், தன்னோட கணிப்பை மட்டும் நம்பாம ஜனங்க போடுற விலையையும் அதோட கலந்தப்போதான் கணிப்பு தேறிச்சு. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரரே விலையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் ஆடினாருன்னா, நாம எதுக்கு வெறும் பேரைப் பிடிச்சுத் தொங்கணும்?

உங்களுக்கு ஒரு வேலை. இந்த மாசம் ஒரு வெள்ளிகூட வைக்க வேணாம். உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஹாங்காங் ஜாக்கியை எடுத்துக்குங்க, 0.825 அங்கத்துக் கணக்குதானே. ஒவ்வொரு சவாரிக்கும் குதிரை கிளம்பும்போது இருந்த விலையை எழுதி, வகுத்து, கூட்டி, வெற்றியோட ஒப்பிட்டு வாங்க. சவாரி குறைவுதான், முடிவு சொல்ல இல்ல, கை பழகத்தான். கிடைச்ச எண்ணைக் கமெண்ட்ல போடுங்க, ஜாக்கி பேரோட. பெரியவங்க யாராவது போன்ல பார்க்கத் தெரியாம இருந்தா, பேரப் பிள்ளைங்க அவங்களுக்கு இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்க. வகுத்தல் கணக்கை நீங்க செய்யுங்க, குதிரையை அவங்க பார்க்கட்டும். அடுத்த வீடியோ குதிரை கிளம்புற கேட் நம்பர் பத்தி: ஹாங்காங் ஹேப்பி வேலி மாதிரி வளைவு இறுக்கமான மைதானத்துல வெளி கேட்ல மாட்டின குதிரை எத்தனை மீட்டர் அதிகமா ஓடுதுன்னு வரைஞ்சே காட்டுறேன்.