ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பது யார்?

(வேலூரில் வணிகவியல் மாணவர்களிடமும் வணிகர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியில், இருந்தபோது ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு ஸ்டாக் (சரக்கு இருப்பு) எண்ணப் போனேன். மார்ச் 31. சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை தோல் ஊறுகிறது என்று கேட்டேன். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "இதிலே எழுதியிருக்கு தம்பி, டிக் போட்டுக்குங்க. வெயில் ஏறுது, சாப்பிட வாங்க" என்றார். நான் தொட்டிப் பக்கமே போகவில்லை. டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

யாரும் எனக்கு லஞ்சம் தரவில்லை. அந்த ஆலையின் கணக்கை வருஷம் முழுக்க எழுதியது எங்கள் அலுவலகம்தான். வருமான வரி பார்த்ததும் நாங்கள்தான். நாங்கள் எழுதியதை நாங்களே சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டோம். அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அது ஒரு குடும்பத்தின் தொழில். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிக்கு லட்சக்கணக்கான பங்குதாரர்கள். அவர்கள் யாரும் தொட்டியை எட்டிப் பார்க்க முடியாது. ஆடிட்டரின் கையெழுத்தை நம்பித்தான் பணத்தைப் போடுகிறார்கள்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பொய் இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமும் வங்கி இருப்புமாக பேலன்ஸ் ஷீட்டில் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை! வங்கியில் பணம் இருக்கிறதா என்று ஆடிட்டரே வங்கிக்கு எழுதி, பதிலையும் நேரடியாக வாங்க வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த பாடம் இது. அந்தக் கடிதப் போக்குவரத்தை ஆடிட்டர்கள் நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் கண்டது. நான் டிக் போட்ட தாளும் அதே மாதிரிதான், தொகைதான் வேறு.

அதற்கு முன்பு அமெரிக்காவில் என்ரான், கணக்கு மோசடியில் சிக்கித் திவாலான எரிசக்திக் கம்பெனி. 2000ஆம் ஆண்டுக்கு அதன் ஆடிட்டர் நிறுவனம் தணிக்கைக்கு வாங்கியது 2.5 கோடி டாலர், மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி டாலர். அறிக்கையில் கடுமையாக ஒரு வரி எழுதினால் இரண்டு வருமானமும் போய்விடும். அந்தப் பயம் இருக்கும் இடத்தில் பேனா எப்படி ஓடும்?

நம் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் இதற்கெல்லாம் வேலி போட்டது. பங்குச்சந்தைக் கம்பெனியில் தனி ஆடிட்டருக்கு ஐந்து ஆண்டு, ஆடிட்டர் நிறுவனத்துக்குப் பத்து ஆண்டு; அப்புறம் ஐந்து ஆண்டு இடைவெளி. கணக்கு எழுதுவது, உள் தணிக்கை, நிர்வாகச் சேவை எல்லாம் அதே ஆடிட்டர் செய்யக் கூடாது. ஆடிட்டரோ கூட்டாளியோ அந்தக் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது. 2018 அக்டோபரில் ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் வந்தது.

சரி, வேலி போதுமா? போதாது என்பேன். வரி ஆலோசனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. பொதுக்குழுவில் ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள்தான். ஆனால் பெயரை முன்வைப்பது இயக்குநர் குழு, காசோலையில் கையெழுத்துப் போடுவது நிர்வாகம். பணம் கொடுப்பவரையே சோதிக்க வேண்டும் என்பது அடிப்படையிலேயே இருக்கும் சிக்கல்.

நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் 1981 வரை மூலவர் இல்லாமலே நின்றது. கோபுரமும் கல்யாண மண்டபமும் அத்தனை அழகு, பூஜை மட்டும் இல்லை. நிர்வாகத்துக்கு வேண்டியவர் எழுதிய தணிக்கை அறிக்கையைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலம்தான் நினைவுக்கு வரும்.

இங்கே பங்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆண்டறிக்கை வந்தால் லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பின்னால் குறிப்புகளில் "ஆடிட்டருக்குச் செலுத்தியவை" என்று ஒரு விவரம் இருக்கும். தணிக்கைக்கு எவ்வளவு, வரி விஷயத்துக்கு எவ்வளவு, மற்ற சேவைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து முதலாவதைத் தாண்டினால், பொதுக்குழுவில் எழுந்து அந்த மற்ற சேவை என்ன என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.