ஷாம்பு பாட்டிலும் ராத்திரி நர்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

நிமோனியா முற்றிய கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்கு விடைக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழும். பால் குடிக்கத் தெம்பிருக்காது, அழக்கூட முடியாது. வசதியுள்ள ஊரில் வென்டிலேட்டர் இருக்கும். இல்லாத ஊரில் என்ன செய்வது?

1996-இல் வங்கதேசத்தின் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த முகம்மது ஜொபாயர் சிஸ்தி, ஒரே ராத்திரியில் மூன்று குழந்தைகள் இப்படி மூச்சு முட்டி இறந்ததைப் பார்த்தார். அந்த ராத்திரி அவரை விடவில்லை. பல வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கான குமிழிக் கருவி ஒன்றைப் பார்த்தார். டாக்காவில் மக்கள் 'காலரா ஆஸ்பத்திரி' என்று கூப்பிடும் மருத்துவமனையில், காலி ஷாம்பு பாட்டிலை வைத்து அதையே செய்தார்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். மூக்கில் பொருத்திய குழாய் வழியாக ஆக்சிஜன் போகிறது. வெளிவிடும் மூச்சு இன்னொரு குழாயில் வந்து, பாட்டில் தண்ணீருக்குள் முடிகிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் மூச்சு வெளியே வர வேண்டும். அந்த எதிர்ப்பு நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளை ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கிறது. அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா, குழாயை இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஆழமாக முக்கினால் போதும். சிறு வயதில் டம்ளர் தண்ணீரில் குழலை வைத்து ஊதுவோமே, அதே குபுகுபுச் சத்தம்தான் கட்டிலோரம் கேட்டுக்கொண்டிருக்கும்.

டாக்காவில் இதை முறையாகச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் ஆக்சிஜன் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர். உலகமே அந்தப் பாட்டிலைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் இதே குமிழி முறையைச் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு மனதைப் பிசைகிறது. வழக்கமான ஆக்சிஜனில் நூற்றுக்குப் 11 குழந்தைகள் இறந்தார்கள், குமிழி முறையில் 17. சேர்க்கப்பட்டவர்கள் மிகவும் நலிந்த குழந்தைகள்: எச்.ஐ.வி. பாதிப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிய நிலை. அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் வேறு. டாக்காவில் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மருத்துவர்களும் ராப்பகலாகக் கூடவே நின்றார்கள். சலிமாவில் தினமும் வந்து பார்க்க மருத்துவர் இல்லை.

ஏழை நாட்டு மருத்துவமனை என்றதும் நாம் கருவியைத்தான் நினைக்கிறோம். நன்கொடை கொடுப்பவர்களும் கருவிதான் வாங்கித் தருகிறார்கள், அதில் பெயர் பொறிக்கலாம். ராத்திரி வேலைக்கு இன்னொரு நர்ஸைப் போட்டுச் சம்பளம் கொடுத்தால் எங்கே பெயர் பொறிப்பது? யாராவது உங்களிடம் கருவி வாங்க நிதி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே, ராத்திரியில் அதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஏனென்றால் அந்தப் பாட்டில் பேசும். ராத்திரி இரண்டு மணிக்குக் குபுகுபுச் சத்தம் நின்றுவிட்டது என்று வையுங்கள். மூக்கிலிருந்து குழாய் நழுவியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம், கரண்ட் போய் ஆக்சிஜனே வராமல் இருக்கலாம். அசதியில் அம்மா கண்ணயர்ந்திருப்பார். காது கொடுத்துக்கொண்டிருக்கும் நர்ஸ் ஒருவர் எழுந்து வருகிறார். சளியை உறிஞ்சி எடுக்கிறார், குழாயைத் திரும்பப் பொருத்துகிறார், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் எண் ஏறுகிறதா என்று பார்த்தபடி நிற்கிறார். பாட்டிலில் மறுபடியும் குமிழி கிளம்புகிறது.

நன்றி. வணக்கம்.